மலைக்கு அந்தப் பக்கமும் மலைதான்

பள்ளிப் புவியியல் புத்தகத்தில் இமயமலைக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் உண்டு. தெற்கே சமவெளி, அப்புறம் சிறு மேடாகச் சிவாலிக், அதைவிட உயரமாக ஹிமாச்சல் என்ற சிறிய இமயம், அதற்கும் மேலே பனி மூடிய ஹிமாத்ரி என்ற பெரிய இமயம், கடைசியில் ட்ரான்ஸ் இமயமலை. இணையான மலைத்தொடர்கள் என்று அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் சராசரி உயரத்தையும் அகலத்தையும் மனப்பாடம் செய்து எழுதியிருப்போம். பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். வரைய வரைய அதில் ஒரு குறை கண்ணை உறுத்தியது. மலைத்தொடர்களுக்குப் பெயர் எழுதுகிறோம், உயரம் எழுதுகிறோம். இரண்டு தொடர்களுக்கு நடுவே விடுகிற வெள்ளை இடத்தில் எதுவும் எழுதுவதில்லை. இமயமலையில் வாழ்கிற மனிதர்களில் பெரும்பாலோர் இருப்பது அந்த வெள்ளை இடத்தில்தான்.

நங்க பர்பத்திலிருந்து நாம்சா பர்வா வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளும் இந்த மலையமைப்பை நீளவாக்கில் பார்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. குறுக்குவாக்கில் பார்க்க ஒரு சாலை போதும். சண்டிகரில் கிளம்பி மண்டி, குலு, மணாலி, கேலாங், லே என்று ஏறி, கார்தூங் லா தாண்டி நூப்ரா பள்ளத்தாக்கில் இறங்கினால், சிவாலிக் முதல் காரகோரத்தின் அடிவாரம் வரை ஒவ்வொரு வரிசையாகக் கடந்திருப்போம். 'லா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் கணவாய். கரும்பலகைப் படத்தை இவ்வளவு ஒழுங்காகத் தரையில் காட்டும் இன்னொரு சாலை நம் நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு கோடை விடுமுறையின் கடைசியில், நண்பர் ஒருவரோடு வாடகைக் காரில் அந்த வழியே போனேன். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது என்பதைவிட, அந்த வரிசைகளைப் பற்றியது.

சிவாலிக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. மணாலிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் காரில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். உயரம் பெரும்பாலும் ஆயிரம் மீட்டரை ஒட்டித்தான். ஆனால் சாலைக்காக வெட்டிய இடங்களில் இறங்கிப் பாருங்கள். உருண்டைக் கூழாங்கற்கள், மணற்கல், களிமண் என்று ஆற்றுப்படுகையில் கிடக்க வேண்டியதெல்லாம் மலையின் வயிற்றுக்குள் அடுக்கடுக்காக இருக்கும். வடக்கே இமயம் எழுந்துகொண்டிருந்தபோது ஆறுகள் அதை அரித்துக் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டின. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கொட்டிய அந்த வண்டல் பின்னர் தானே மடிந்து உயர்ந்து மலையானது. அதனால்தான் இங்கே எலும்புகள் கிடைக்கின்றன. 1830களில் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் இந்த மலைகளில் ஆதி யானைகள், ராட்சத ஆமை, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான சிவதீரியம் என்று ஏராளமான புதைபடிவங்களைத் தோண்டி எடுத்தார்கள். கங்கைக் கால்வாயை வெட்டிய அதே காட்லிதான். ஹிமாச்சலப் பிரதேச மாநிலத்தில் காலா அம்ப் பக்கம் சாகேட்டி என்ற ஊரில் இதற்கென்றே ஒரு புதைபடிவப் பூங்கா இருக்கிறது.

சிவாலிக்குக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே நீளவாட்டில் கிடக்கும் தட்டையான பள்ளத்தாக்குகளைப் பாடப்புத்தகம் 'டூன்கள்' என்கிறது. டேராடூன் எல்லோருக்கும் தெரியும். சண்டிகருக்குப் பக்கத்திலேயே பிஞ்சோரிலிருந்து நாலாகட் வரை இன்னொரு டூன் நீள்கிறது. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளைத் திருப்பித் தயாரிப்பு முகவரியைப் பாருங்கள். சிலவற்றிலாவது சோலன் மாவட்டம், பத்தி (Baddi) என்று இருக்கும். நாட்டின் பெரிய மருந்துத் தொழிற்பேட்டைகளில் ஒன்றான அந்த ஊர் இந்த டூனில்தான் இருக்கிறது. தட்டையான நிலம், பக்கத்திலேயே சமவெளிச் சாலை. மலை மாநிலம் ஒன்றில் தொழிற்சாலை கட்ட இதைவிட வசதியான தரை கிடைக்காது.

ஆறுகள் இந்தத் தொடர்களைக் குறுக்கே அறுக்கும் இடங்களில்தான் அணைகள் வந்திருக்கின்றன. சட்லெஜ் சிவாலிக் வரிசையை அறுத்து வெளியே வரும் இடுக்கில் 226 மீட்டர் உயரத்துக்குப் பக்ரா அணை நிற்கிறது. அதன் பின்னால் தேங்கிய கோவிந்த் சாகர் பழைய பிலாஸ்பூர் ஊரையே மூழ்கடித்துவிட்டது. தண்ணீர் இறங்கும் மாதங்களில் பழைய கோயில்களின் கோபுரங்கள் சேற்றிலிருந்து வெளியே தெரியும். இன்னும் மேலே பண்டோவில் பியாஸ் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைச் சட்லெஜுக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருந்த மலைத்தொடர் மனிதர்களுக்குத் தடையாகத் தெரியவில்லை.

பிலாஸ்பூர் தாண்டியதும் பாறை மாறுகிறது. கூழாங்கல் போய்ப் பலகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் வருகின்றன. இது இரண்டாவது வரிசையின் ஆட்சி. சிம்லா, முசூரி, நைனிடால், டார்ஜிலிங் என்று பெயர்பெற்ற மலைவாசத் தலங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான். இங்கே ஒரு விஷயத்தை மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். பாறை அடுக்குகளில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்பது பொதுவிதி. இங்கே அது தலைகீழ். பல கோடி ஆண்டு மூத்த பாறை, இளைய சிவாலிக் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து வந்த இந்தியத் தட்டு வடக்கே முட்டியபோது அதன் மேலோடு பாளம் பாளமாக உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அந்த உடைவுகளின் மேல் எழுந்தவைதான் நாம் இணையான தொடர்கள் என்று படிக்கும் வரிசைகள்.

வகுப்பில் இதை விளக்க மணலும் பலகையும் போதும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பலகையால் ஈரமணலைத் தள்ளினால், பலகையை ஒட்டி முதலில் ஒரு மேடு எழும். தள்ளத் தள்ள அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் சின்னதாக மற்றொன்று. பலகையிலிருந்து தள்ளிப்போகப் போக மேடு சிறிதாகவும் புதிதாகவும் இருக்கும். இமயமும் அப்படித்தான். பெரிய இமயத்தைத் தூக்கிய உடைவு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் முழு வேகத்தில் இருந்தது. சிறிய இமயத்தைச் சிவாலிக் மேல் ஏற்றியது சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன். சிவாலிக்கின் தெற்கு விளிம்பில் இருக்கும் உடைவுதான் மிக இளையது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்கு இந்தியா இமயத்துக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கம் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விடுபடும்போது என்ன ஆகும் என்பதைக் காங்ரா பள்ளத்தாக்கு 1905 ஏப்ரல் 4 அன்று கண்டது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். இந்த வரிசை சமவெளிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பசுமையாக இருக்கிறது, வீடு கட்ட ஆசையாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் உடைவும் இதன் அடியில்தான் இருக்கிறது. ஆற்றை ஒட்டி ஐந்தாறு மாடி விடுதிகள் முளைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்து இந்தச் சாலையையே பல இடங்களில் தின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

லார்ஜி பக்கம் தௌலதார் தொடரை பியாஸ் அறுத்துக்கொண்டு வரும் இடுக்கு வழியாகக் குலுவுக்குள் நுழைகிறோம். ஆப்பிள் தோட்டம், தேவதாரு, பலகைக்கல் வேய்ந்த சரிவுக் கூரை. சரிவுக் கூரையைக் கவனியுங்கள். மழையும் பனியும் வழிந்து ஓட வேண்டிய ஊர் இது. தௌலதாரின் தெற்குச் சரிவில் இருக்கும் தரம்சாலாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. லேயில் சுமார் 100 மில்லிமீட்டர். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். அந்த 250 கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கும் தொடர்கள் ஒவ்வொன்றும் பருவக்காற்றிடமிருந்து தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கின்றன. கடைசி ஊருக்குப் போய்ச் சேரும்போது காற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை.

மணாலிக்கு மேலே பீர் பஞ்சால் தொடர். இதன் மேல் 3,978 மீட்டரில் ரோத்தாங் கணவாய். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை இப்போது அந்தக் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்தில் போகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பக்கம். எங்கள் டிரைவர் கணவாய்க்கு அந்தப் பக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்குக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். போகும்போது பெர்மிட் எடுத்துக் கணவாய் வழியாகவும், திரும்பும்போது சுரங்கம் வழியாகவும் போகலாமா என்று கேட்டேன். "கணவாயில் என்ன இருக்கிறது சார், டூரிஸ்ட் கூட்டம்தான்" என்றார் இந்தியில். பிறகு அவரே, தான் சிறுவனாக இருந்தபோது ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பனிக்காலத்தில் ஹெலிகாப்டர் வரும் நாளுக்காகக் காத்துக் கிடந்ததைச் சொன்னார். அவசரம் என்று நடந்தே ரோத்தாங்கைக் கடக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் சொன்னார். ஆண்டில் பாதி நாள் லாஹௌல் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அந்தச் சுரங்கப்பாதையை அங்கிருப்பவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் கணவாய் வழியாகவே போக வேண்டும் என்பேன். மழை தூறிக்கொண்டிருந்த மடி (Marhi) என்ற இடத்தில் ஏறத் தொடங்கி, மேகத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் புல்வெளியைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கும்போது மேகம் பின்தங்கிவிடுகிறது. கிராம்ஃபூ பக்கம் வந்தால் எதிரே பழுப்பு மலை, பனியாறுகள், கண்ணைக் கூசும் வெயில். காடு இல்லை. பீர் பஞ்சாலின் ஒரு பக்கம் தேவதாரு, மறு பக்கம் கையால் நட்ட வில்லோ மரங்கள் மட்டும். வீடுகளைப் பார்த்தால் சரிவுக் கூரை போய்த் தட்டையான மண்கூரை வந்திருக்கிறது. உருளைக்கிழங்கு, பட்டாணி, காலிஃபிளவர் என்று விளைவதெல்லாம் பனியாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரில். ஆண்டுக்கு ஒரு போகம்தான்.

இதே பீர் பஞ்சாலுக்கும் இதே பெரிய இமயத்துக்கும் நடுவேதான், இன்னும் வடமேற்கே, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. சுமார் 135 கிலோமீட்டர் நீளம். பீர் பஞ்சால் உயர்ந்தபோது வடிய வழியில்லாமல் தேங்கிய பெரிய ஏரி ஒன்று அங்கே இருந்தது. ஏரி வடிந்த பிறகு மிஞ்சிய வண்டல் மேடுகளைக் 'கரேவா' என்கிறார்கள். பாம்பூரில் குங்குமப்பூ விளைவது அந்த மேடுகளில்தான். அதே இரண்டு தொடர்கள். நடுவே ஓரிடத்தில் பரந்து விரிந்த காஷ்மீர், இன்னோரிடத்தில் ஆறு ஓட மட்டும் இடம் விட்ட லாஹௌல். வரிசைகள் இணையாக இருக்கின்றன என்று சொல்லும்போது ரயில் தண்டவாளம் மாதிரி ஒரே இடைவெளியில் இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் விலகுகின்றன, சில இடங்களில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. விலகிய இடங்களில் நாகரிகங்கள் வளர்ந்தன.

லாஹௌலில் தாண்டி என்ற ஊரில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. இரண்டும் பிறப்பது பாரலாச்சா கணவாயில். சந்திரா ஒரு பக்கம் இறங்கி, தென்கிழக்கே ஓடி, பெரிய வளைவு போட்டுத் திரும்பி வருகிறது. பாகா மறு பக்கம் இறங்கிக் குறுக்கு வழியில் வருகிறது. சந்திரனின் மகளும் சூரியனின் மகனும் மலையைச் சுற்றி ஓடிவந்து சந்தித்த இடம் இது என்று அங்கே கதை சொல்கிறார்கள். கூடிய பிறகு சந்திரபாகா. ஜம்மு காஷ்மீருக்குள் போனதும் செனாப்.

பாகாவை ஒட்டியே கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா என்று ஏறினால் பாரலாச்சா லா, சுமார் 4,890 மீட்டர். பெரிய இமயத்தின் முகடு இதுதான். ஆனால் எவரெஸ்ட் படத்தில் பார்ப்பது மாதிரிச் செங்குத்தான எதுவும் இங்கே இல்லை. அகலமான, காற்று பிய்த்து எறியும் ஒரு வெளி, பக்கத்தில் சூரஜ் தால் என்ற சின்ன ஏரி. ஹிமாத்ரி என்று இரண்டு கோடு போட்டு நான் வரைந்த தொடரின் மேல் நிற்கிறேன் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. வித்தியாசம் பாறையில் இருக்கிறது. இதற்கு அப்பால் மலைகள் அடுக்கடுக்காக, கோடு கோடாகத் தெரிகின்றன. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கிடந்த டெதிஸ் கடலின் அடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும் அவை. பக்கத்தில் ஸ்பிதியில் அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிவங்கள் கிடைப்பது இதனால்தான். எவரெஸ்டின் உச்சிப் பாறைகூட கடலடிச் சுண்ணாம்புக்கல்தான்.

பாரலாச்சாவைத் தாண்டி சர்ச்சு பக்கம் ஓடும் தண்ணீர் சாரப் ஆற்றில் சேர்ந்து, ஜான்ஸ்கர் ஆறாகி, நிம்முவில் சிந்துவோடு கலக்கிறது. அங்கே நின்றபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோத்தாங்குக்குத் தெற்கே விழுந்த மழை பியாஸில் போய், சட்லெஜில் சேர்ந்து, பஞ்சநதம் என்ற ஆறு வழியாகச் சிந்துவில் கலக்கும். ரோத்தாங்குக்கும் பாரலாச்சாவுக்கும் நடுவே உருகிய பனி செனாப் வழியாக அதே பஞ்சநதத்துக்கு வரும். பாரலாச்சாவுக்கு வடக்கே உருகியது ஜான்ஸ்கர் வழியாக நேரே சிந்துவுக்கு. நூப்ராவில் உருகுவது ஷியோக் வழியாக ஸ்கர்தூ பக்கம் சிந்துவுக்கு. இத்தனை தொடர்களைக் கடந்தாலும் ஒரே ஆற்றின் பிடியை விட்டு வெளியே போகவில்லை. மலைத்தொடர்கள் மனிதர்களைப் பிரித்த அளவுக்குத் தண்ணீரைப் பிரிக்கவில்லை.

சர்ச்சுவிலிருந்து அடுத்த பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகள், நகீ லா, லாச்சுலுங் லா, பாங். எல்லாம் ஜான்ஸ்கர் தொடரின் மடிப்புகள். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், பசி எடுக்காது. பாங் தாண்டியதும் சட்டென்று மோரே சமவெளி விரிகிறது. 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டர் தட்டை நிலம். சாங்பா மேய்ப்பர்களின் கறுப்புக் கூடாரங்கள், பஷ்மினா ஆடுகள், தொலைவில் கியாங் என்ற காட்டுக் கழுதைகள். சாலை ஓரத்தில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். எல்லைச் சாலைகள் அமைப்பின் பலகைகளில் கணவாய்களின் உயரத்தை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்; இவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

தங்லங் லா, 5,328 மீட்டர். அதிலிருந்து இறங்கும்போதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான இடம் வந்தது. ருமத்சே, கியா, மீரு என்ற சிற்றூர்கள் வழியாக உப்ஷிக்குப் போகும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு அது. பாறைகள் ஊதா நிறத்தில், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. பக்கத்திலேயே பச்சை. மறுபடி ஊதா. யாரோ சாயம் ஊற்றியது போல் என்று நண்பர் காரை நிறுத்தச் சொல்லிப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு கண்டங்கள் மோதிய இடத்தில், நடுவே எஞ்சிய பள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் கூழாங்கல்லும் இறுகியவை இந்தப் பாறைகள். மோதலின் அழுத்தத்தில் கிடைமட்டமாகப் படிந்தவை எழுந்து நின்றுவிட்டன. சிந்து ஓடும் கோட்டை ஒட்டி, மேற்கே பாகிஸ்தானிலிருந்து கிழக்கே திபெத்தில் பிரம்மபுத்திரா ஓடும் கோடு வரை நீளும் தையல் இது. நிலவியலில் பார்த்தால் இந்தியத் தட்டின் விளிம்பு இங்கே வந்து முடிகிறது.

உப்ஷியில் சிந்துவைக் கடந்து நின்று பார்த்தால் தெற்கே கடலடிப் பாறையும் ஊதாப் பாறையும், வடக்கே வெளிர்ச் சாம்பல் கிரானைட். லடாக் தொடர் முழுக்க அந்தக் கிரானைட் வகைதான். மோதலுக்கு முன்னால், டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் நழுவி உருகியபோது அங்கே எரிமலைகள் வரிசையாக இருந்தன. அந்த எரிமலைகளின் அடியில் குளிர்ந்து இறுகிய குழம்பு, மேலே இருந்தது அரிபட்டுப் போனபின் இப்போது மலையாக நிற்கிறது. இன்று தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் அடியில் நடப்பதும் இதே வேலை. லேயில் மொட்டைமாடியில் நின்று பார்க்கும்போது தெற்கே தெரியும் ஸ்டோக் தொடரும், முதுகுக்குப் பின்னால் நிற்கும் லடாக் தொடரும் பார்வைக்கு ஒரே மாதிரிப் பொட்டல் மலைகள். பிறப்பு வேறு வேறு.

இந்தப் பள்ளத்தைத்தான் சிந்து தன் பாதையாக எடுத்துக்கொண்டது. கைலாயத்துக்கு அருகே பிறந்து, தொடர்களுக்கு இணையாக வடமேற்கே ஓடி, நங்க பர்பத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறது. பிரம்மபுத்திராவும் அதே வட்டாரத்தில் பிறந்து, நேர் எதிர்த் திசையில் கிழக்கே ஓடி, நாம்சா பர்வாவைச் சுற்றித் தெற்கே இறங்குகிறது. இமயமலையின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆறுகள் பிடித்திருக்கின்றன. சட்லெஜும் அங்கேதான் பிறக்கிறது. அது சுற்றிப் போகவில்லை, ஷிப்கி லா பக்கம் பெரிய இமயத்தையே குறுக்கே அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. மலை எழுந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆறு அறுத்துக்கொண்டே இருந்ததால்தான் இது முடிந்தது. நேபாளத்தில் தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் எட்டாயிரம் மீட்டர் சிகரம் நிற்க, காளி கண்டகி இறங்கி வருவதும் அப்படித்தான்.

கார்தூங் லா தாண்டி நூப்ராவில் இறங்கினால் எதிரே காரகோரம். புவியியல்படி இது இமயமலை இல்லை, அதற்கு இணையாக வடக்கே போகும் தனித் தொடர். 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரமும், 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாறும் இதில்தான் இருக்கின்றன. மழையே இல்லாத ஊரைத் தாண்டி இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கோடையில் தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றை முன்வரிசைகள் தடுத்துவிடுகின்றன. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்று காரகோரத்தின் உயரத்தில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அண்மைப் பத்தாண்டுகளில் இமயத்தின் பனியாறுகள் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருக்க, காரகோரத்தில் பல பனியாறுகள் பெரிதாகச் சுருங்காமல் இருந்ததற்கும் இந்தக் குளிர்காலப் பனி ஒரு முக்கியக் காரணம். காரகோரக் கணவாய்க்கு அப்பால் விழும் பனிதான் கடைசியில் சிந்துவின் பிடியிலிருந்து தப்புகிறது. அது யார்க்கண்ட் ஆறாகித் தாரிம் படுகைக்குள் இறங்கி, கடலையே காணாமல் பாலைவனத்தில் முடிகிறது.

கே2 என்ற பெயர் 1856இல் வந்தது. காஷ்மீரில் ஹரமுக் மலையிலிருந்து தாமஸ் மாண்ட்கோமரி தொலைவில் தெரிந்த காரகோரச் சிகரங்களுக்கு வரிசையாகப் போட்ட எண்களில் இரண்டாவது அது. அவர் வேலை செய்த முக்கோணவியல் நில அளவை நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது என்பதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் அங்கே முக்கோணங்களுக்கெல்லாம் அடிப்படையான ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். சுமார் 12 கிலோமீட்டர். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்து இமய அடிவாரத்தைத் தொட்டார்கள். உச்சிகளின் உயரம் முதலில் கைக்கு வந்தது. வரிசைகள் எப்படி ஓடுகின்றன, எது எதோடு சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் நெடுங்காலம் ஆனது. நில அளவையாளர் சிட்னி பரார்டும் நிலவியலாளர் ஹென்றி ஹேடனும் இதையெல்லாம் தொகுத்து எழுதியது 1907இல்தான்.

திரும்பும் வழியில் லேயில் தங்கியிருந்த வீட்டம்மா கூரையைக் காட்டினார். பழைய பகுதி மண், வில்லோக் குச்சி, புல் வைத்த தட்டைக் கூரை. புதிய பகுதி தகரம். "மழை வருகிறதே, என்ன செய்வது" என்றார். 2010 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரே இரவில் கொட்டிய மழையில் லே வட்டாரத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மழையை எதிர்பார்த்துக் கட்டாத ஊர் சேற்றில் புதைந்தது. இத்தனை வரிசைகள் தடுத்தும் மேகம் வந்துவிட்ட நாள் அது. ஊரில் பனித்தண்ணீரைப் பங்கிட 'சுர்போன்' என்று ஒருவரை நியமிக்கும் வழக்கம் உண்டு. இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று மடை திறந்துவிடுவது அவர் வேலை. தண்ணீர் குறைவு என்ற ஒரே கவலையை வைத்துக் கட்டிய வாழ்க்கைக்குத் தண்ணீர் அதிகம் என்ற கவலையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். ஜூன் மாதத்துக்கு முன் பாரலாச்சா பக்கம் பனி வழிவிடுமா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்கினால் உயரம் உடம்புக்குப் பழகும். சர்ச்சுவில் தங்குவதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. தங்லங் லாவை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். அப்போதுதான் மீருவுக்கும் உப்ஷிக்கும் நடுவே அந்த ஊதாப் பாறைகளை வெளிச்சத்தில் பார்க்க முடியும். டிரைவர்கள் அங்கே நிறுத்த மாட்டார்கள், ஏனென்றால் அங்கே பலகை எதுவும் இல்லை. நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.